பழைய கணப்படுப்பில் இரும்பு இன்சர்ட்: லைனரைச் சுற்றி வெப்பக்காப்பு வேண்டுமா?

பெங்களூர் குக் டவுனில் உள்ள தாத்தா காலத்து வீட்டின் கணப்படுப்பில் வார்ப்பிரும்பு இன்சர்ட் (கணப்புக்குள் செருகி வைக்கும், கதவுள்ள அடுப்பு) ஒன்றைப் பொருத்தப் போவதாகவும், அதற்காக 150 மி.மீ. விட்டமுள்ள, வளையக்கூடிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் லைனர் (புகைபோக்கிக்குள் இறக்கும் குழாய்) வாங்கிவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். புகைபோக்கியின் உள்ளளவு 14 அங்குலத்துக்கு 9 அங்குலம். அடுப்பிலிருந்து உச்சி வரை ஏறத்தாழ 6 மீட்டர். அதன் முதுகு வெளிச்சுவர். 'இதென்ன காஷ்மீரா, பெங்களூர் குளிருக்கு லைனர் மட்டுமே போதும்' என்று காண்டிராக்டர் சொல்கிறார். ஏசி டக்ட் வேலையில் மிஞ்சிய கிளாஸ் வுல் வீட்டில் கிடக்கிறது, அவசியமானால் அதையே சுற்றிவிடலாமா என்று கேட்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அடுப்பு புகையாமல் எரிவதற்குக் காப்பு வேண்டுமா என்பது ஒன்று. வீடு தீப்பிடிக்காமல் இருப்பதற்கு வேண்டுமா என்பது மற்றொன்று. காண்டிராக்டரின் பதில் முதல் கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறது, இரண்டாவதைத் தொடவே இல்லை. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: காப்புச் சுற்றுங்கள், ஆனால் கிளாஸ் வுல்லைச் சுற்றாதீர்கள்.

பெங்களூரின் தொழிற்பேட்டையான பீன்யாவில் உலைகளுக்கும் பாய்லர்களுக்கும் வெப்பக்காப்பு செய்யும் தொழிலில் இருபது வருடங்களுக்கு மேலாக இருக்கிறேன். கண்டோன்மென்ட் பகுதியின் பழைய பங்களாக்களிலும், குன்னூர், கோத்தகிரி, குடகு வீடுகளிலும் கணப்படுப்புகளைச் சீர்செய்யும் வேலை பிறகு வந்து சேர்ந்தது. உலைக்கும் கணப்படுப்புக்கும் அடிப்படை ஒன்றுதான். சூடு எங்கே இருக்க வேண்டும், எங்கே இருக்கக் கூடாது என்று முடிவு செய்வதே வேலை. உங்கள் புகைபோக்கியை நான் நேரில் பார்க்கவில்லை என்பதால், கீழே சொல்வதில் சிலவற்றை நீங்கள் ஏணி வைத்து ஏறிப் பார்த்துத்தான் உறுதி செய்துகொள்ள வேண்டும். அவை எவை என்று அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

திறந்த கணப்படுப்பு, விறகின் சூட்டில் பெரும்பகுதியை அறையின் காற்றோடு சேர்த்து மேலே அனுப்பிவிடும். அறைக்குள் நிற்பது பத்தில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். வீணாகும் அந்தச் சூடுதான் செங்கல் புகைபோக்கியைச் சூடாக வைத்திருந்தது. அதனால்தான் உங்கள் தாத்தா காலத்தில் புகை தடையில்லாமல் மேலே போயிற்று. கதவும் காற்றுக் கட்டுப்பாடும் உள்ள நல்ல இன்சர்ட் மூன்றில் இரண்டு பங்கு அல்லது அதற்கும் மேலான சூட்டை அறைக்குள் நிறுத்திக்கொள்கிறது. மேலே போகிற புகை அளவில் குறைவு, வேகத்தில் குறைவு, சூட்டிலும் குறைவு. இந்தச் சிறு புகையை 14 க்கு 9 அங்குலக் கூட்டில் விட்டால் அது பரந்து, ஆறி, சுவரில் படிந்துவிடும். 150 மி.மீ. குழாயின் குறுக்குப் பரப்பைப் போல அந்தக் கூடு நாலரை மடங்கு பெரியது. அமெரிக்கத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் என்.எஃப்.பி.ஏ. 211 விதி, வீட்டுக்குள் அடங்கிய புகைபோக்கியில் புகைவழியின் பரப்பு, அடுப்பில் குழாய் சேரும் வாயின் பரப்பைப் போல மூன்று மடங்குக்கு மேலும், வெளிச்சுவரில் அமைந்ததில் இரண்டு மடங்குக்கு மேலும் கூடாது என்கிறது. ஆகவே லைனர் வாங்கியது சரியான முடிவு. ஆனால் லைனர் என்பது ஒரு மி.மீ. கூட இல்லாத தகடு. அது புகை போகும் வழியின் அளவைச் சரிசெய்யும். புகையின் சூட்டைக் காப்பாற்றாது. அதைச் சுற்றி உள்ள வெற்றிடத்தில் காற்று மேலும் கீழுமாகச் சுழன்று, குழாயின் சூட்டை எடுத்து, குளிர்ந்த வெளிச்சுவருக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

இப்போது பெங்களூர்க் குளிர் என்ற வாதத்துக்கு வருகிறேன். புகை மேலே ஏறுவது உள்ளே இருக்கும் புகைக்கும் வெளியே இருக்கும் காற்றுக்கும் இடையிலான எடை வித்தியாசத்தால். அந்த வித்தியாசத்தைத் தருவது சூட்டு வித்தியாசம். வெளியே குளிர் அதிகமானால் இழுப்பு கூடும், வெளியே இதமாக இருந்தால் இழுப்பு குறையும். நம் ஊரின் மார்கழி இரவில் வெளிச்சூடு 15 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொள்வோம். ஊர் கடல்மட்டத்திலிருந்து 920 மீட்டர் அளவு உயரத்தில் இருப்பதால் காற்றழுத்தமும் பத்தில் ஒரு பங்கு குறைவு. 6 மீட்டர் உயரப் புகைபோக்கிக்குள் புகையின் சராசரிச் சூடு 150 டிகிரியாக இருந்தால், உராய்வு இழப்பைக் கழிப்பதற்கு முன், ஏறத்தாழ 21 பாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) இழுப்பு கிடைக்கும். அதே புகை ஆறி 90 டிகிரியாகிவிட்டால் 13 பாஸ்கல்தான். இன்சர்ட்களைச் சோதிக்கும் ஐரோப்பியத் தரநிலை, அடுப்பு முறையாக எரிய 12 பாஸ்கல் அளவு இழுப்பு உண்டு என்ற கணக்கில்தான் சோதனையை நடத்துகிறது. எனவே ஆறிய புகையோடு நீங்கள் விளிம்பில் நிற்கிறீர்கள். குழாயில் ஒரு வளைவு, உச்சித் தொப்பியில் கொஞ்சம் கரி, எதிர்க்காற்று என்று ஏதாவது சேர்ந்தால் கதவைத் திறக்கும்போதெல்லாம் புகை அறைக்குள் வரும். இதே 90 டிகிரிப் புகைக்கு, வெளியே பூஜ்ய டிகிரி உள்ள ஊரில், இதே காற்றழுத்தத்தில், 17 பாஸ்கல் கிடைத்திருக்கும். பனி விழும் ஊர்க்காரர்களுக்கு வெளிக்குளிர் தரும் உதவி நமக்குக் கிடையாது. புகையை உள்ளே சூடாக வைத்திருப்பது ஒன்றுதான் நமக்குள்ள வழி. இதமான ஊர் என்பதற்காகக் காப்பைக் கைவிடச் சொல்வது காரணத்தைத் தலைகீழாகப் பிடிப்பது.

ஆறிய புகையின் இன்னொரு விளைவு கிரியோசோட். விறகின் புகையில் எரியாத தார் ஆவியும் நீராவியும் இருக்கின்றன. குழாய்ச் சுவரின் சூடு ஏறத்தாழ 120 டிகிரிக்குக் கீழே போகும்போது அவை அங்கே படியத் தொடங்குகின்றன. முதலில் பிரஷ்ஷில் உதிரும் கரித்தூள். பிறகு கறுத்த செதில்கள். கடைசியில் எந்தப் பிரஷ்ஷுக்கும் அசையாத, கண்ணாடி போல மின்னும் தார்ப்பூச்சு. குன்னூரில் ஒரு வீட்டில் காப்பு இல்லாத லைனரை, ஒரே ஒரு குளிர்காலம் எரிந்த பிறகு, இறக்கிப் பார்த்தோம். கீழ் நான்கு மீட்டரில் விரலால் துடைத்தால் போகும் மென்மையான கரிதான் இருந்தது. கூரைக்கு மேலே காற்றிலும் பனியிலும் நின்ற மேல் பகுதி மட்டும் உள்ளே வார்னிஷ் அடித்தது போலப் பளபளத்தது. திருகாணி முனையால் கீறினால் சில்லாகத் தெறித்தது. ஒரே அடுப்பு, ஒரே விறகு, ஒரே குழாய். சூடு குறைந்த இடத்தில் மட்டும் தார். எனவே காப்பை உச்சித் தகடு வரை கொண்டுபோக வேண்டும். பாதியில் நிறுத்துகிறவர்கள் கூரைக்கு மேலே நிற்கும் பகுதியைத்தான் விட்டுவிடுகிறார்கள், காப்பு மிகவும் வேண்டியிருப்பது அந்தப் பகுதிக்குத்தான்.

இந்தத் தார் என்றாவது ஒருநாள் தீப்பிடிக்கலாம். புகைபோக்கிக்குள் பற்றும் தீ 1,100 டிகிரியை எட்டக்கூடியது. இங்குதான் இரண்டாவது கேள்வி வருகிறது, என்னைக் கவலைப்படுத்துவதும் இதுதான். பழைய பங்களாக்களின் புகைபோக்கிகள் சுண்ணாம்புக் காரையில் கட்டப்பட்டவை. நான் திறந்து பார்த்தவற்றில் பெரும்பாலானவற்றில் உள்ளே சுடுமண் குழாய் கிடையாது, பூச்சு மட்டும்தான். அந்தப் பூச்சும் பல இடங்களில் உதிர்ந்து, காரை அரித்து, செங்கல் இடுக்கு வழியே மறுபக்கம் தெரியும். போதாததற்கு, மங்களூர் ஓட்டுக் கூரையின் கைமரங்களைப் பல கொத்தனார்கள் புகைபோக்கிச் சுவரிலேயே ஊன்றியிருக்கிறார்கள். ரிச்மண்ட் டவுன் பக்கம் ஒரு வீட்டில் மச்சுப்பலகையைக் கழற்றியபோது, தேக்குக் கைமரம் ஒன்றின் நுனி சுவருக்குள் அரைச் செங்கல் ஆழம் போயிருந்தது. வெளியே வழவழப்பான தேக்கு. சுவரை ஒட்டிய ஒரு சாண் நீளம் மட்டும் கறுப்பு. நகத்தால் அழுத்தினேன், கரிக்கட்டை போல உதிர்ந்தது. அந்த வீட்டில் தீ விபத்து எதுவும் நடந்ததில்லை. வருடக்கணக்கில் மிதமான சூடு பட்டே மரம் அந்த நிலைக்கு வந்திருந்தது. சாதாரண மரம் பற்றிக்கொள்ள 250 டிகிரி அளவு சூடு வேண்டும் என்பார்கள். நீண்ட நாள் சூடுபட்டுக் கருகிய மரம் அதைவிடக் குறைந்த சூட்டிலேயே பற்றக்கூடும். திறந்த அடுப்பு எப்போதோ ஒருநாள் எரிந்தது. இன்சர்ட் போட்ட பிறகு நீங்கள் தினமும், மணிக்கணக்கில் எரிப்பீர்கள். தாத்தா காலத்தில் ஒன்றும் ஆகவில்லையே என்பது இங்கே ஆதாரம் ஆகாது.

என்.எஃப்.பி.ஏ. 211 செங்கல் புகைபோக்கிக்கும் மரத்துக்கும் இடையே, வீட்டுக்குள் அடங்கியதானால் 50 மி.மீ., வெளிச்சுவரில் அமைந்ததானால் 25 மி.மீ. இடைவெளி கேட்கிறது. அந்த இடைவெளி இல்லாத புகைபோக்கிக்குள் காப்பு இல்லாத லைனரை இறக்குவது தவறு. இதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. அமெரிக்கச் சோதனை நிறுவனமான யூ.எல். வகுத்த 1777 என்ற சோதனையில், லைனரைக் காப்போடு செங்கற்கூட்டுக்குள் வைத்து, ஏறத்தாழ 1,150 டிகிரி வாயுவைப் பத்துப் பத்து நிமிடமாக மூன்று முறை செலுத்தி, வெளியே ஒட்டியிருக்கும் மரம் எவ்வளவு சூடாகிறது என்று அளக்கிறார்கள். செங்கல்லை ஒட்டி மரம் இருந்தாலும் பொருத்தலாம் என்ற அனுமதி அப்படிச் சோதிக்கப்பட்ட லைனருக்கும் காப்புக்கும் சேர்த்துத்தான் உண்டு. உங்கள் லைனரோடு வந்த தாளில் எவ்வளவு தடிமனான, எந்த அடர்த்தியுள்ள காப்புக்கு அந்தச் சான்று என்று எழுதியிருக்கும்; அந்த எண்ணுக்குக் கீழே போகாதீர்கள். இன்சர்ட் தயாரிப்பாளரின் கையேடு அதைவிட அதிகம் கேட்டால் கையேட்டின்படியே செய்யுங்கள்.

எல்லாச் சூழ்நிலையிலும் காப்பு தவிர்க்க முடியாதது என்று நான் சொல்ல மாட்டேன். நாலு பக்கமும் வீட்டுக்குள் அடங்கிய, நேரான, நல்ல நிலையில் உள்ள, எங்கும் மரம் தொடாத புகைபோக்கியில் காப்பு இல்லாத லைனரை வைத்து, உலர்ந்த விறகை எரித்து, வருடா வருடம் துப்புரவு செய்து பிரச்சினை இல்லாமல் இருப்பவர்கள் உண்டு. அனுபவமுள்ளவர்கள் இன்னமும் வாதிடும் இடம் அது. உங்களுடையதோ வெளிச்சுவர்ப் புகைபோக்கி, குறைந்த உயரம், மரம் தொடுகிறதா என்று இன்னும் பார்க்கவில்லை. அந்த விதிவிலக்கு உங்களுக்குப் பொருந்தாது.

கிளாஸ் வுல் ஏன் கூடாது என்றால், அதன் இழைகளை ஒட்டவைத்திருக்கும் பிசின் 230, 250 டிகிரி வாக்கிலேயே கருகத் தொடங்கிவிடும். கண்ணாடி இழையோ 700 டிகிரிக்கு உள்ளேயே இளகிச் சுருங்கிவிடும். புகைபோக்கித் தீ பற்றும் நாளில், காப்பு உயிர்காக்க வேண்டிய அந்தப் பத்து நிமிடத்தில், அது இருக்காது. இன்னொரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இந்த ஊரில் சிம்னி என்றால் கடைக்காரர் முதல் வேலையாள் வரை எல்லோருக்கும் சமையலறைச் சிம்னிதான் நினைவுக்கு வரும். விறகடுப்புக்கு அதே அலுமினிய நெளிகுழாயை மாட்டிவிட்டுப் போன வேலையை நான் பார்த்திருக்கிறேன். அலுமினியம் 660 டிகிரியில் உருகும். ஜி.ஐ. குழாயும் வேண்டாம், அதன் துத்தநாகப் பூச்சு 420 டிகிரியில் உருகிவிடும், அதன் புகை நச்சு.

சரியான பொருள் செராமிக் ஃபைபர் பிளாங்கெட். உலைக்காரர்கள் பயன்படுத்தும் 1,260 டிகிரித் தரம், கன மீட்டருக்கு 128 கிலோ அடர்த்தி. பீன்யாவில் உலைக் காப்புப் பொருள் விற்பவர்களிடம் கேளுங்கள். பெரும்பாலும் 25 மி.மீ. தடிமனைத்தான் எடுத்துப் போடுவார்கள், 13 மி.மீ. வேண்டுமென்று வற்புறுத்திக் கேளுங்கள். உங்கள் கூட்டின் குறுகிய பக்கம் 9 அங்குலம், அதாவது 228 மி.மீ. 25 மி.மீ. சுற்றினால் வெளிவிட்டம் 200 ஆகிவிடும். பக்கத்துக்கு 14 மி.மீ. இடைவெளிதான் மிஞ்சும். பழைய புகைபோக்கிக்குள் எங்காவது காரை பிதுங்கியோ செங்கல் துருத்தியோ இல்லாமல் இருக்காது, அங்கே பிளாங்கெட் கிழிந்து நின்றுவிடும். 13 மி.மீ. ஆனால் வெளிவிட்டம் 176. பக்கத்துக்கு 26 மி.மீ. இருக்கிறது. உங்கள் லைனரின் சான்று 25 மி.மீ. கேட்டால், பிளாங்கெட் வாங்குவதற்கு முன் 210 மி.மீ. அகலமுள்ள ஒரு மரத்துண்டை உச்சியிலிருந்து கயிற்றில் கட்டி இறக்கிப் பாருங்கள். தடையில்லாமல் அடிவரை வந்தால் வழி உண்டு.

வெர்மிகுலைட் என்ற பொரிந்த கனிமத் துகளைச் சிமெண்ட் பாலோடு கலந்து லைனரைச் சுற்றி ஊற்றும் முறையும் இருக்கிறது. கோணலான கூட்டில் அது நன்றாக நிரம்பும், தளர்ந்த செங்கல்லையும் பிடித்துக்கொள்ளும். ஆனால் அந்த ஈரம் உலர நாளாகும், சுண்ணாம்புக் கட்டில் எடையை ஏற்றும், பின்னால் லைனரை மாற்ற வேண்டி வந்தால் உடைத்துத்தான் எடுக்க வேண்டும். 14 க்கு 9 கூட்டில் உங்களுக்குப் பிளாங்கெட்டே பொருத்தம் என்பது என் கருத்து.

சுற்றும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். லைனரை மொட்டைமாடியிலோ முற்றத்திலோ நேராக விரித்து, பிளாங்கெட்டின் இரு ஓரமும் முட்டிச் சேரும்படி சுற்றி, அலுமினியத் தாள் ஒட்டிய வகையானால் அந்தப் பக்கம் வெளியே இருக்குமாறு வைத்து, சேர்க்கையில் அலுமினிய டேப் ஒட்டி, அதன்மேல் ஸ்டெயின்லெஸ் கம்பிவலையை உறைபோல இழுத்துக் கட்டுங்கள். இறக்கும்போது செங்கல்லில் உராய்ந்து கிழியாமல் காப்பது அந்த வலைதான். அதை மிச்சம் பிடிக்க வேண்டாம். மேலே இரண்டு பேர், கீழே கயிற்றை வழிநடத்த ஒருவர் வேண்டும். வேலை செய்கிற எல்லோரும் என்95 அல்லது அதைவிட உயர்ந்த முகக்கவசமும் முழுக்கைச் சட்டையும் அணிய வேண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்தச் செராமிக் இழைகளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று கருதப்படுபவற்றின் பட்டியலில், 2பி பிரிவில் வைத்திருக்கிறது. வெட்டுவதைத் திறந்தவெளியில் வைத்துக்கொண்டு, லேசாகத் தண்ணீர் தெளித்து வெட்டுங்கள். உடலில் கரையும் வகை இழை கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

அடுப்புக்கு மேலே, கணப்பின் தொண்டையில், லைனர் நுழைய ஓட்டை வெட்டிய இரும்புத் தகடு ஒன்றை அடைத்து, அதன் முதுகில் ராக் வுல்லை (கல் இழைக் காப்பு) திணிக்கச் சொல்லுங்கள். இது இல்லாவிட்டால் இன்சர்ட்டின் உடல் தரும் சூடு கூட்டுக்குள் ஏறி வீணாகும். பலர் விட்டுவிடும் வேலை இது. அறைக்குக் கிடைக்கும் சூட்டில் இதன் பங்கு பெரிது. உச்சியில் தகடும் மழைத் தொப்பியும் நன்றாக மூட வேண்டும். ஐப்பசி மழையில் தண்ணீர் உள்ளே வழிந்து பிளாங்கெட் நனைந்தால், அது உலரும் வரை காப்பாக வேலை செய்யாது.

லைனரின் உலோகத்தையும் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். மட்டமான 202 தரத் தகட்டை 304 என்று விற்பது சந்தையில் நடக்கிறது. காந்தம் வைத்துப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது; ஆய்வகத்தில் ஒரு துண்டைக் கொடுத்துப் பார்ப்பது நம்பகமான வழி. 316 தரம் இருப்பது நல்லது. எந்தத் தரமானாலும், இன்டீரியர் வேலையில் மிஞ்சும் பிளைவுட், லேமினேட், பி.வி.சி. பட்டை ஒட்டிய துண்டுகளை அடுப்பில் போடவே போடாதீர்கள். பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் வரும். அது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையும் புள்ளி புள்ளியாகத் துளைத்துவிடும்.

காப்பு செய்த லைனரும் ஈர விறகை மன்னிக்காது. சவுக்கோ சில்வர் ஓக்கோ, எதுவானாலும் பிளந்து, மழை படாத காற்றோட்டமான இடத்தில் அடுக்கி, ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே வந்த பிறகு எரியுங்கள். சிறிய ஈரமானி வாங்கி, விறகைப் புதிதாகப் பிளந்து உள்பக்கத்தில் குத்திப் பாருங்கள், வெளிப்பக்கம் எப்போதும் உலர்ந்தே காட்டும். இரவு முழுக்கக் கனியட்டும் என்று காற்றை முழுதாக அடைத்துவைக்கும் பழக்கமும் வேண்டாம். தார் அப்படித்தான் சேர்கிறது. வருடத்துக்கு ஒருமுறையாவது பிளாஸ்டிக் பிரஷ்ஷால் துப்புரவு செய்யுங்கள், இரும்புக் கம்பி பிரஷ் லைனரைக் கீறிவிடும். அடுப்பு உள்ள அறையிலும் படுக்கையறையிலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் பொருத்துங்கள். அந்த வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

வேலையைத் தொடங்கும் முன், ஒரே ஒரு நாள் ஒதுக்கி, புகைபோக்கியைச் சுற்றியுள்ள மச்சுப்பலகையில் இரண்டு மூன்றைக் கழற்றி, கைமரமும் ரீப்பரும் சுவரைத் தொடுகின்றனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். செங்கல்லை ஒட்டிய மரத்தை ஒரு ஸ்க்ரூடிரைவரால் அழுத்துங்கள். முனை உள்ளே இறங்கினால் லைனர் வேலையை நிறுத்திவைத்துவிட்டு, முதலில் ஒரு நல்ல ஆசாரியை அழைத்து அந்தக் கைமரத்தை வெட்டிப் பின்னுக்கு இழுத்துத் தாங்கு கொடுக்கச் சொல்லுங்கள். கழற்றிய இடத்தின் படங்களை இங்கே போட்டால், எந்தக் கைமரத்தை விட்டுவைக்கலாம், எதை மாற்ற வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.